சிறுவெள்ளியும் சிறுசேமிப்பும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட கிராமங்களில் மணிலா பிடுங்கி விற்ற கையோடு கடைத்தெருவிற்குச் செல்லும் குடும்பங்கள் பல. விதைக்கும் எருவிற்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கடையில் நின்ற பாக்கியைத் தீர்த்து, மிச்சம் ஏதேனும் இருப்பின் வீட்டுப் பெண்மணி நாடுவது வெள்ளியையே. பொன் வாங்கும் வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. குழந்தையின் இடுப்பிற்கு ஓர் அரைஞாண், அதில் கோக்க ஒரு சிறு மணி, காலுக்குத் தண்டை, அம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஒரு விரற்கடைத் தொட்டில் என்று சிறுசிறு உருவங்களாகவே வெள்ளி நம் வீடுகளுக்குள் வந்து சேருகிறது.

இவற்றைப் பலர் விளையாட்டுப் பொருளாக எண்ணிவிடுகின்றனர். உண்மையில் ஒவ்வொரு சிறு வெள்ளிப் பொருளிலும் மூன்று செல்வங்கள் அடங்கியுள்ளன. முதலாவது அதன் எடை. இரண்டாவது அதன் மாற்று, அதாவது சுத்தம். மூன்றாவது அதைச் செய்த கையின் உழைப்பு. இம்மூன்றையும் தனித்தனியே அறிந்து வாங்காதவர், வாங்கும்போது ஒரு முறையும் விற்கும்போது மறுமுறையும் நஷ்டப்படுகிறார். நமது அங்கத்தினர்களின் வீடுகளில் இந்நஷ்டம் ஆண்டுதோறும் சத்தமின்றி நிகழ்ந்து வருவதால் அதுபற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியமாகிறது.

வயலும் வீடும் நகையான விதம்

நம் முன்னோர் நகைக்கு உருவம் தேடி வெகுதூரம் போகவில்லை. வயலிலும் வீட்டிலும் கண்ணெதிரே கிடந்த பொருள்களையே சிறிதாக்கி அணிந்துகொண்டனர். கோதுமை மணி கோத்தாற்போன்ற சங்கிலி, மிளகை ஒத்த மணி, மாங்காய் மாலை, காசுமாலை, குடை கவிழ்ந்தாற்போலத் தொங்கும் ஜிமிக்கி, மீன் பொறித்த மெட்டி என்று நம் நகைகளின் பெயர்களே இதற்குச் சாட்சி. பெண் குழந்தைகளுக்கு அணிவித்த அரைமூடி அரசிலையின் வடிவம் கொண்டது.

சில பொருள்கள் உருவத்தில் மட்டுமன்றிப் பயனிலும் வீட்டுச் சாமான்களாகவே இருந்தன. இடுப்பிற் செருகிய வெள்ளிச் சாவிக்கொத்து, வெற்றிலை போடுவோர் மடியில் வைத்திருந்த சுண்ணாம்புக் கரண்டகம், ஒரே வளையத்தில் தொங்கிய காது குடும்பியும் பற்குச்சியும் ஆகியவை அலங்காரமும் ஆயின. அன்றாடக் கருவிகளும் ஆயின. குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையும், சிறுமியர் விளையாடும் செப்புச் சாமான்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

நெசவாளர்களுக்கு இச்செய்தி புதிதன்று. தட்டான் வெள்ளியில் அடிக்கும் அதே மாங்காயை அவர்கள் சேலையின் கரையிலும் புட்டாவிலும் நெய்கின்றனர். விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாடு போன்ற பட்டு நெசவு ஊர்களில் வெள்ளியோடு அன்றாடம் பழகுகின்றனர். பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் சரிகை அல்லவா? தறியும் பட்டறையும் ஒரே உலோகத்தை நம்பி நிற்கும் இரு தொழில்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்வோமாக.

காவலும் காணிக்கையும்

சிற்றுருவ நகை அணியும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் திருமாலின் ஐந்து படைக்கலங்களைச் சிறிதாகச் செய்து, குழந்தைக்குக் காவலாகக் கழுத்தில் அணிவித்தனர். அதற்கு ஐம்படைத் தாலி என்று பெயர். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், குழந்தைப் பருவத்துத் தாலியைக்கூடக் கழற்றாத இளம் வயதிலேயே போர்க்களம் புகுந்தான் என்று இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றின் 77-ஆம் பாட்டில் வியக்கின்றார். ஆகவே, இன்று குழந்தையின் அரைஞாணிலே தாயத்தும் மணியும் கோக்கும் தாய் மிகப் பழையதொரு மரபைத் தொடர்ந்து வருகிறாள்.

திண்டிவனத்திற்கு அண்மையிலுள்ள மயிலம் முருகன் கோயிலை நம்மில் அறியாதார் இலர். அதனைப் பேணிவரும் பொம்மபுர ஆதீனம் வீரசைவ மரபைச் சேர்ந்த மடமாகும். வீரசைவர் தம் இட்டலிங்கத்தைச் சிறு சிமிழில் வைத்து மார்பில் அணிவது வழக்கம். அச்சிமிழை வெள்ளியாற் செய்வதும் உண்டு. கோயிற் கருவறையைக் கைக்குள் அடங்கும் அளவிற்குச் சுருக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாற் போன்றது அது.

அணிவதற்கு அன்றிக் கொடுப்பதற்கென்றே செய்யப்பெறும் சிறு வெள்ளியும் உண்டு. கண்நோய் தீர்ந்தால் கண்மலர், கைகால் நோவு நீங்கினால் கையுருவும் காலுருவும், பிள்ளை பிறந்தால் தொட்டில், வீடு கட்டி முடித்தால் வீட்டின் உரு என்று மக்கள் தம் வேண்டுதலை வெள்ளித் தகட்டிலே எழுதிக் கோயிலிற் சேர்க்கின்றனர். அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம் காண மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியிலே திரளும் கூட்டத்தில் இத்தகைய நேர்த்திக்கடனோடு வருவோரும் உண்டு.

இது நமக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று எண்ண வேண்டாம். கிரேக்க நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களிலும் கண், கால், குழந்தை, கப்பல் முதலிய உருவங்கள் அடித்த மெல்லிய உலோகத் தகடுகளைத் தொங்கவிடுகின்றனர். அவற்றிற்குத் 'தாமா' என்று பெயர். மெக்சிகோவிலும் இவ்வாறே 'மிலாக்ரோ' என்னும் சிற்றுருவங்களைக் காணிக்கையாக்குகின்றனர். கடலுக்கு அப்பாலுள்ள தாயும் நம் ஊர்த் தாயும் ஒரே கவலையை ஒரே உலோகத்தில் வடித்துக் கொடுக்கின்றனர்.

பட்டறையில் நடப்பது

ஒரு சிறு வெள்ளித் தொட்டில் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். முதலில் வெள்ளியை மூசையிலிட்டு, வெண்காரம் தூவி உருக்குகின்றனர். சுத்த வெள்ளி உருகுவதற்கு ஏறக்குறைய 962 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. உருகியதை வார்த்துக் கட்டியாக்கிப் பின்னர் அடைகல்லின்மேல் வைத்துத் தட்டித் தகடாக்குவர். தட்டத் தட்ட வெள்ளி விறைத்து வெடிக்கும் நிலையை அடையும். ஆகவே இடையிடையே அதைத் தீயிற் காய்ச்சி இளக்க வேண்டும். கம்பி வேண்டுமாயின், வரவரச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகளுள்ள எஃகுத் தகட்டின் வழியே ஒவ்வொரு துளையாக இழுப்பர்.

பின்பு தகட்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, தொட்டிலின் சட்டத்தையும் கால்களையும் ஒன்றோடொன்று பற்றவைக்கின்றனர். இதற்குத் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் கலப்பு வெள்ளிப் பொடி வேண்டும். ஊதுகுழலால் தீயை ஊசிமுனைபோல் நிறுத்தி, பொடி உருகியும் பொருள் உருகாமலும் இருக்கும் கணத்திலே தீயை அகற்றிக்கொள்வதில்தான் தட்டானின் திறமை அடங்கியிருக்கிறது. ஒரு கணம் தவறினால் நாள் முழுவதும் செய்த வேலை ஒரு துளியாக உருண்டுவிடும். முடிவிலே கறை நீங்கப் புளிக்கரைசலிலோ அமிலத்திலோ இட்டெடுத்து, பூந்திக்கொட்டை நீரில் தேய்த்துப் பளபளப்பாக்குவர்.

மாங்காய், மணி போன்ற உப்பிய உருவங்களை இரு பாதிகளாக அச்சில் அடித்துப் பின்னர் ஒட்டுவர். உள்ளே வெற்றிடமாக விட்டால் நசுங்கும். ஆதலால் சில நகைகளில் அரக்கை உருக்கி உள்ளே நிரப்புவதும் உண்டு. அரக்கு நிரப்புதல் குற்றமன்று; அது பழைய முறையே. ஆனால் அரக்கின் எடைக்கும் வெள்ளியின் விலையைக் கொடுத்து வாங்குவது அறியாமையாகும்.

இத்தொழிலில் உழைப்போரின் உடல்நலத்தையும் நாம் மறத்தலாகாது. பற்றுப்பொடியில் காட்மியம் என்னும் உலோகம் கலந்திருப்பின் அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காற்றோட்டமற்ற சிறு அறையிலே, முகத்தருகில் தீயை வைத்துக்கொண்டு உழைப்பவர் செலுத்தும் விலை இது. செய்கூலியைப் பேரம் பேசுமுன் இதனை ஒரு கணம் நினைப்பது நலம்.

பழைய ரூபாயின் கதை

தமிழ்நாட்டில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. நம் நாட்டில் கிடைப்பதும் பெரும்பாலும் இராஜஸ்தானத்தின் துத்தநாக, ஈயச் சுரங்கங்களின் உடன்விளைவாகக் கிடைப்பதே. அப்படியாயின் நம் பாட்டிமார்களின் தண்டைக்கும் அரைஞாணுக்கும் வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அவர்கள் கையிலிருந்த ரூபாய் நாணயங்களிலிருந்தே வந்தது. நாணயத்தைத் தட்டானிடம் எண்ணிக் கொடுத்து நகையாக்கிக்கொள்வது அக்காலத்து வழக்கம். கொடுத்த எண்ணிக்கையே எடைக்கும் கணக்காயிற்று.

1835-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடை கொண்டது. அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, நூற்றுக்கு 91.7 பங்கு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், அரசாங்கம் ரூபாயின் எடையை மாற்றாமல் வெள்ளியை மட்டும் நூற்றுக்கு 50 பங்காகக் குறைத்தது. 1947-இல் வெள்ளி முற்றிலும் நீங்கி நிக்கல் ரூபாய் வந்தது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 20 ரூபாயை உருக்கிச் செய்த அரைஞாண் 233 கிராம் இருக்கும். அவை 1940-க்கு முற்பட்ட நாணயங்களாயின் அதில் ஏறக்குறைய 214 கிராம் சுத்த வெள்ளி உண்டு. போர்க்கால நாணயங்களாயின் 117 கிராமுக்கும் குறைவே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கிலோ 2 இலட்ச ரூபாய் விலையில் வித்தியாசம் 19,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பழைய நகை எல்லாம் மட்டம் என்று ஒரு வியாபாரி கூறினாலும், பழைய நகை எல்லாம் உயர்வு என்று நாமே நம்பினாலும், இரண்டும் தவறு. சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

வெள்ளியின் விலையும் முன்போல் இல்லை. 2024-இல் கிலோ 1 இலட்ச ரூபாயை எட்டிய வெள்ளி, 2025 டிசம்பரில் 2 இலட்ச ரூபாயைத் தாண்டியது. விலை ஏறுந்தோறும் பெட்டியிலுள்ள பழைய உருவங்களை உருக்கிவிடும் ஆசை வீடுகளில் எழுகிறது. போலிகளும் பெருகுகின்றன.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதற் கேள்வி எடையைப் பற்றியது. சிறு பொருள்களை எண்ணிக்கைக்கு விலை கூறி விற்பது வழக்கமாகிவிட்டது. "ஒரு தொட்டில் என்ன விலை?" என்று கேளாமல், "இதன் எடை என்ன? உள்ளே அரக்கு உண்டா? கல், நூல் நீக்கி நிகர எடை என்ன?" என்று கேட்க வேண்டும். ஒரு கிராமுக்கும் குறைந்த தகட்டிலே பெரிய கண்மலர் அடித்துவிட முடியும். அகலத்தைக் கண்டு மயங்குதல் கூடாது.

இரண்டாம் கேள்வி மாற்றைப் பற்றியது. 'ஜெர்மன் வெள்ளி' என்பது செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை. அதில் வெள்ளி அறவே கிடையாது. காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் மட்டும் ஒரு பொருள் வெள்ளியாகிவிடாது. செம்பும் அலுமினியமும்கூட ஒட்டுவதில்லை. கருத்துப்போவதைக் கொண்டு போலி என்று முடிவு கட்டுவதும் பிழை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் நல்ல வெள்ளியும் கருக்கும்.

உள்ளீடற்றதாக இல்லாத கெட்டிப் பொருளுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. சுத்த வெள்ளி தன் பருமனளவு நீரைப்போல் பத்தரை மடங்கு எடை கொண்டது. ஜெர்மன் வெள்ளி எட்டரை மடங்கிற்குச் சற்று மேல்தான் இருக்கும். 105 கிராம் எடையுள்ள கெட்டி வெள்ளியை நீரில் அமிழ்த்தினால் 10 மில்லி நீர் உயரும். அதே எடையில் போலியானது ஏறக்குறைய 12 மில்லி நீரை உயர்த்தும். ஆயினும் திட்டமான முடிவிற்குச் சோதனை நிலையமே தக்கது. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைகளுக்கும் தனித்தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் முத்திரை நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அது கட்டாயமாக்கப்படவில்லை. ஆயினும் முத்திரையிட்ட பொருளைக் கேட்டு வாங்கும் உரிமை நம்முடையது. 925 என்ற எண் ஆயிரத்திற்கு 925 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும்.

மூன்றாம் கேள்வி கைவேலையைப் பற்றியது. "செய்கூலி எவ்வளவு? சேதாரம் எவ்வளவு?" என்று இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். உருக்கும்போதும் அராவும்போதும் சிறிது வெள்ளி குறைவது இயல்பு. பட்டறையிற் பெருக்கிய தூசியிலிருந்தும் அதில் ஒரு பகுதியை மீட்க இயலும். ஆகவே சேதாரம் என்ற பெயரில் மிகையாகக் கேட்பதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் செய்கூலி என்பது கூலி. தறியில் அமர்ந்தவரின் கூலியைக் குறைக்கும் வியாபாரியை நாம் குறை கூறுகிறோம். அதே நாம் தட்டானின் கூலியைக் குறைப்பது நியாயமாகுமா? இயந்திரத்தில் அடித்த தகட்டை இயந்திர வேலைக்குரிய விலைக்கும், கையாற் செய்ததைக் கைவேலைக்குரிய விலைக்கும் வாங்குவதே முறை.

1963-இல் பொற்கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதுப் பொன்னகை செய்யத் தடை ஏற்பட்டபோது, நாடெங்கும் பொற்கொல்லர் பலர் பிழைப்பை இழந்ததை மூத்தோர் அறிவர். 14 காரட் வரம்பு 1966-இல் தளர்ந்தது. பொற்கட்டுப்பாட்டுச் சட்டமே 1990-இல் நீங்கிற்று. ஆனால் இடையில் பட்டறையை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அதற்குத் திரும்பவில்லை. ஒரு கைத்தொழில் கைவிட்டுப் போவதற்கு ஒரு தலைமுறை போதும். மீட்பதற்கு அது போதாது.

அடகும் கடனும்

வெள்ளி நகையின்மேல் கடன் வேண்டுவோர் நெடுங்காலமாக அடகுக்கடையையே நம்பி வந்தனர். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட பொன், வெள்ளி ஈட்டுக் கடன் நெறிமுறைகள் இந்நிலையில் ஒரு மாறுதலைக் கொணர்ந்தன. வணிக வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் 2026 ஏப்ரல் 1-க்குள் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அவற்றின்படி ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகைகளையும் 500 கிராம் வரை வெள்ளி நாணயங்களையும் ஈடாக வைக்கலாம். கட்டி வெள்ளிக்குக் கடன் இல்லை. நுகர்வுக் கடன் இரண்டரை இலட்ச ரூபாய்க்கு உட்பட்டதாயின் மதிப்பில் நூற்றுக்கு 85 வரை வழங்கலாம்.

கடன் வாங்குவோர் இரு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, நகையை அவர் முன்னிலையிலேயே சோதித்து, மொத்த எடை, நிகர எடை, மாற்று ஆகியவற்றைக் குறித்துச் சான்று தர வேண்டும் என்பது விதி. அச்சான்றைப் பெறாமல் திரும்பலாகாது. மற்றொன்று, மதிப்பு வெள்ளிக்கு மட்டுமே. கைவேலைக்கும் கல்லுக்கும் மதிப்பு இல்லை. கடனைத் தீர்த்த பின் நகையை ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவரால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு உண்டு.

ஈட்டுக் கடையிலே நம் பாட்டியின் தண்டை வெறும் உலோகமாகவே எண்ணப்படும் என்பது இதிலிருந்து விளங்கும். அதன் உருவத்திற்கும் உழைப்பிற்கும் மதிப்பு கொடுக்கக் கூடியவர்கள் நாமே. அடகு வைத்தால் மீட்கலாம். உருக்கிவிட்டாலோ எடை மிஞ்சும், வேலை மிஞ்சாது. ஆகவே பணமுடை வரும்போது உருக்குவதற்குமுன் ஈட்டுக் கடனை எண்ணுவது நன்று. தீர்க்க வழியின்றி ஈட்டுக் கடன் வாங்குவதோ உருக்குவதினும் தீது.

சங்கம் செய்யக் கூடியவை

தனியொருவர் சோதனை நிலையத்திற்குச் சென்றுவரும் செலவு சிறு பொருளுக்குக் கட்டுப்படியாகாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் அது பெரிதன்று. சங்கத்தின் வாயிலாக ஒரு நாளைக் குறித்து, வேண்டுவோரின் வெள்ளியை உரியவர் உடனிருக்க ஒரே தடவையில் சோதித்துக்கொள்ளலாம். எடையும் மாற்றும் எழுதிய சீட்டை நகையோடு பெட்டியில் வைத்துவிட்டால் பிற்காலத்தில் எவரும் ஏமாற்ற இயலாது. வைத்தவர் மறைந்த பின்னும் அச்சீட்டு பேரப்பிள்ளைகளிடம் பேசும்.

அதுபோலவே, பண்டிகைக்கும் பிள்ளைப்பேற்றிற்கும் வேண்டிய சிறு வெள்ளிப் பொருள்களைப் பல குடும்பத்தார் சேர்ந்து, அண்மையிலுள்ள கைவினைஞரிடம் எடை, மாற்று, கூலி மூன்றையும் எழுதி ஒப்புக்கொண்டு செய்வித்துக்கொள்ளலாம். நமக்கு ஏமாற்றமில்லாப் பொருள் கிடைக்கும். அவருக்குப் பல மாதங்களுக்கு வேலை உறுதியாகும். நூலையும் விதையையும் ஒன்றுசேர்ந்து வாங்கக் கற்ற நமக்கு இது அரிய காரியமன்று. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நம் நாட்டில் வேரூன்றிய கூட்டுறவு இயக்கம், சிறியவர் சேர்ந்தால் பெரியவராவர் என்ற ஒரே உண்மையின்மேல் நிற்கிறது.

இன்று மாலை வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூலையிலே கறுத்துக் கிடக்கும் ஒரு சிறு மணியோ அரசிலையோ கரண்டகமோ தென்படலாம். அதை ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். அது யாருக்காக, எந்த ஆண்டில், எத்தனை ரூபாய் நாணயத்தை உருக்கிச் செய்தது என்று வீட்டு மூத்தவரைக் கேட்டு ஒரு தாளிற் குறித்து வையுங்கள்.